புளி போட்டுத் துலக்கிய இஞ்சின்

சென்ற மாதம் பெங்களூரிலிருந்து ஒருவர் தொலைபேசியில் பேசினார். இளம் குரல். பழைய பொம்மை ரயில்களைச் சேகரிக்கிறாராம். சேலம் அம்மாபேட்டையில் விசைத்தறி வைத்திருந்த ஒருவரிடம், சாவி கொடுத்தால் ஓடும் வெளிநாட்டு ரயில்கள் அலமாரி நிறைய இருந்ததாக யாரோ சொல்லியிருக்கிறார்கள். அவருடைய மகள் நீங்கள்தானே என்று கேட்டார். ஆமாம் என்றேன். இன்னும் இருக்கின்றனவா என்றார். ஒரே ஒரு இஞ்சின்தான் என்றேன். அடுத்த கேள்வியை, நோயாளியின் உறவினரிடம் பேசும் மருத்துவரைப்போல் மெதுவாகக் கேட்டார்: “பெயின்ட் ஒரிஜினலா மேடம்?”

இல்லை என்று சொல்லி வைத்துவிட்டேன்.

என் வயதுக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கேட்டவுடன் ஒரு சொல்தான் வாயில் வருகிறது. மீதியெல்லாம் ஆள் போன பிறகு, கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டுக்கொண்டு படுத்திருக்கும்போது வருகிறது. அந்த மீதியைத்தான் இங்கே எழுதுகிறேன். ஒரு நாளிதழில் முப்பது வருடத்துக்கு மேல் மற்றவர்கள் எழுதியதை வெட்டிச் சரிசெய்துகொண்டிருந்தவள் நான். சொந்த விஷயம் எழுதிப் பழக்கமில்லை.

அந்தப் பெயின்ட் போனபோது எனக்கு ஒன்பது வயது. எங்கள் வீட்டின் முன்பாதியில் நாங்கள் இருந்தோம். பின்பாதியில் ஆறு தறிகள் இருந்தன. தறிப்பட்டறையை ஒட்டி வளர்ந்தவர்களுக்குத் தெரியும், சத்தம் நம்மை எழுப்பாது. சத்தம் நின்றால்தான் விழிப்பு வரும். சமையலறையில் தம்ளரில் வைத்த தண்ணீர் எப்போதும் வளையம் வளையமாக நடுங்கிக்கொண்டிருக்கும். சோற்றிலும் தலையணையிலும் பஞ்சுத் தூசு. கஞ்சி போட்ட பாவு நூலின் புளித்த வாசனையும் தறி எண்ணெயின் வாசனையும் கலந்த ஒன்றுதான் எனக்கு வீட்டின் வாசனை.

அப்பா ரயில் சேர்க்க ஆரம்பித்தது ஒரு ஸ்பிரிங்குக்காக. தறி ஒன்றில் ஸ்பிரிங் உடைந்துபோக, செவ்வாய்ப்பேட்டையில் பழைய இரும்புக் கடைகளில் தேடியிருக்கிறார். தேடிய அளவில் கிடைக்கவில்லை. ஒரு கடைக்காரர், இதற்குள் நல்ல ஸ்பிரிங் இருக்கும் என்று நசுங்கிய தகர ரயில் ஒன்றைக் கொடுத்தார். அப்பா அதைப் பட்டறையில் வைத்துப் பிரித்தார், துடைத்தார், எண்ணெய் விட்டார், சாவி கொடுத்துப் பார்த்தார். அது தரையில் நேராக ஓடித் தறியின் காலில் முட்டி நின்றது. அப்பா அந்த ஸ்பிரிங்கைக் கழற்றவில்லை. அந்த வாரம் முழுதும் ஒரு தறி ஓடவில்லை. அம்மா இதைக் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தாள்: “ஆறு தறிக்காரரு அஞ்சு தறிக்காரரு ஆனது அன்னிக்குத்தான்.”

அதன் பிறகு செவ்வாய்க்கிழமை தோறும் போனார். நான்கு வருடத்தில் ஏழு இஞ்சின்கள். அவற்றோடு சின்னச் சின்னச் சாமான்கள்: கை இறங்கி ஏறும் சிக்னல் ஒன்று, ஒரு பக்கக் கதவு இல்லாத ரயில்வே கேட், பிற்பாடு கரையான் அரித்துவிட்ட அட்டை மலைக்குகை, தகரத்தில் ஒரு ஸ்டேஷன். அந்த ஸ்டேஷனில் பயணிகள் சுவரிலேயே அச்சடிக்கப்பட்டிருந்தார்கள். தொப்பி வைத்த ஆண்கள், குடை பிடித்த பெண்கள். அவர்களுக்கு முகம் உண்டு, முதுகு கிடையாது. திருப்பிப் பார்த்தால் துருப்பிடித்த தகரம்தான்.

அலமாரியை யாரும் தொடக்கூடாது. அதற்குப் பூட்டு இல்லை. பூட்டு தேவைப்படாத மாதிரி அப்பா ஒருமுறை சொல்லியிருந்தார், அவ்வளவுதான்.

ஏழாவதாக வந்தது பச்சை இஞ்சின். ஏற்காட்டில் எஸ்டேட் பங்களா ஒன்றைக் காலி செய்துகொண்டு ஒரு வெள்ளைக்கார மேனேஜர் ஊர் திரும்பினார். சாமான்கள் லாரியில் இறங்கி இரண்டு கடைகளுக்குப் பிரிந்து போயின. முதல் கடையில் அப்பா இஞ்சினை எடுத்தார். என் இரண்டு உள்ளங்கையும் சேர்ந்த நீளம். இலைப் பச்சை. ஓரங்களில் முடியைவிடச் சற்றே தடிமனான பொன்னிறக் கோடு, கையால் போட்டது. முதுகில் சுண்டுவிரல் நுனி அளவுக்குப் பித்தளைக் குமிழ். ஆனால் அதன் பின்னால் வரவேண்டிய கரிப்பெட்டி இல்லை. இஞ்சின் தனியாக நின்றால் தலை மட்டும் வந்து நிற்பதுபோல இருக்கும். கரிப்பெட்டியும் அதற்கான தண்டவாளமும் இரண்டாவது கடையில் இருந்தன. அவற்றை அப்பாவுக்கு அரைமணி நேரம் முன்னால் வாங்கிப் போனவர் நூல்கடை பாய்.

அப்பா நூல் எடுப்பது அவரிடம்தான். அவரும் ரயில் பித்து உள்ளவர் என்பது அன்றுவரை அப்பாவுக்குத் தெரியாது. கடையின் மாடியில், கண்ணாடி போட்ட பீரோவில், பிள்ளைகள் கைக்கு எட்டாத உயரத்தில் பெட்டிகளை வரிசையாக அடுக்கி வைத்திருந்தார். இஞ்சின் ஒருவரிடம், கரிப்பெட்டி ஒருவரிடம். இரண்டு பேரும் கொடுக்கமாட்டார்கள். ஒரே சொத்துக்கு இரண்டு பேர் என்று பாய் அப்பாவைப் பங்காளி என்று கூப்பிட ஆரம்பித்தார். ஞாயிறு காலையில் வெள்ளைச் சட்டையோடு வருவார். பட்டறை வாசலில் ஸ்டூல் போட்டு உட்காருவார்.

“என்ன பங்காளி, இஞ்சின் சௌக்கியமா?”

“சௌக்கியம் பாய். உங்க கரிப்பெட்டி என்ன சொல்லுது?”

“அது என்னத்த சொல்லும்? இஞ்சின் நம்ம வூட்டுக்கு வந்தா பேசறேங்குது.”

“முன்னாடி போறவன் மாப்பிள்ளை. பொண்ணைக் கொண்டாந்து இங்க விடுங்க.”

“நல்லாருக்கே! பொண்ணு கேட்டு மொதல்ல நீங்கதான் வரணும். வெறுங்கையோட வராதீங்க, தட்டோட வாங்க.”

டீ வரும். இஞ்சினை எடுத்து மடியில் வைத்துப் பார்ப்பார். சக்கரத்தை நகத்தால் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, பெருமூச்சு விட்டுத் திருப்பிக் கொடுப்பார். அடுத்த ஞாயிறு அப்பா அவர் கடை மாடிக்குப் போய் அதையே செய்துவிட்டு வருவார். ஒரு வருடம் இப்படிப் போனது. தொழிலில் கறாரான இரண்டு பேர், பிள்ளை குட்டிக்காரர்கள்.

கடைசியில் வழி சொன்னவர் பாய். தறி ஓடுகிற தரையில் பொம்மை ரயில் ஓடாது. அதிர்வில் தண்டவாளத்தை விட்டு இறங்கிவிடும். வருடத்தில் ஆறு தறியும் ஒன்றாக நின்று, தரையும் கழுவித் துடைத்துக் கிடப்பது ஆயுத பூஜையன்று மட்டும்தான். அன்று மதியத்துக்கு மேல் கரிப்பெட்டியைக் கொண்டுவருகிறேன், சேர்த்து ஓட்டிப் பார்ப்போம், அவரவர் பாதியை அவரவர் எடுத்துக்கொள்வோம் என்றார். அப்பா அன்றே ஒப்புக்கொண்டார். அந்தப் புரட்டாசி மாதம் முழுதும் வீட்டில் அதே பேச்சு.

அத்தையைப் பற்றி இப்போது சொல்ல வேண்டும். அப்பாவுக்கு நான்கு வயது மூத்தவள். எடப்பாடியில் வாழ்க்கைப்பட்டு, பிள்ளையில்லாமல், புருஷனும் போன பிறகு மூன்று வருடமாக எங்களோடு இருந்தாள். எடப்பாடியில் கொழுந்தன்மார் இரண்டு பேர். அங்கே அவளுக்குச் சாப்பாட்டுக்கும் வேலைக்கும் குறைவில்லை, பேச்சுத்துணைக்குத்தான் ஆளில்லை. அப்பா போய் அழைத்து வந்தார். அழைத்து வந்தாரே தவிர, இங்கேயே இரு என்று ஒருநாளும் சொன்னதில்லை. போ என்றும் சொன்னதில்லை. விருந்தாளியா, வீட்டு ஆளா என்று தெரியாமலே அவள் மூன்று வருடம் தார் சுற்றினாள். தறியில் குறுக்கே ஓடும் நாடாவுக்குள் போகிற சின்னக் கட்டையில் ஊடை நூலைச் சுற்றுவதுதான் தார். விடிந்ததிலிருந்து ராட்டையும் அவளுமாக உட்கார்ந்திருப்பாள். அவள் பேச்சில் எடப்பாடி வந்து ஒட்டிக்கொண்டிருந்தது. என்னைச் சாமி என்பாள்.

ரயில்களைப் பற்றி அவளுக்கு ஒரு கருத்து இருந்தது. “வட்டமாவே சுத்துது. எங்கீயும் போவக் காணோம்.” அப்பா அதற்குச் சிரிப்பார். வேறு யார் சொல்லியிருந்தாலும் சிரித்திருக்கமாட்டார். இஞ்சின்களுக்கு எண்ணெய் விடும்போது அத்தைதான் பிடித்துக்கொள்ள வேண்டும். தார் சுற்றிப் பழகிய ஆடாத கை. துணியால் மட்டும்தான் துடைக்க வேண்டும், தண்ணீர் படக்கூடாது, கோட்டின்மேல் விரல் வைக்கக்கூடாது, எல்லாம் அவளுக்குத் தெரியும். அப்பா பிற்பாடு இதை யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை.

ஆயுத பூஜையன்று காலையில் ஆறு தறியும் நின்றன. எனக்கு விழிப்பு வந்துவிட்டது. பட்டறைத் தரையைக் கழுவி, தறிகளைத் துடைத்து, கத்திரி, நாடா, ஸ்பேனர், எண்ணெய்க் குவளை எல்லாவற்றையும் வாழையிலையில் வரிசையாக வைத்திருந்தார்கள். பொட்டு வைக்கச் சந்தனம் கரைத்தாயிற்று. பின்பக்கம் தண்ணீர்த் தொட்டியருகே துவைக்கிற கல்லில் அத்தை விளக்குகளையும் செம்புகளையும் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஊறிய புளி, செங்கல் பொடி, தேங்காய் நார். பாதி துலக்கியிருக்கும்போது அம்மா வாழையிலை போதவில்லை என்று அவளைக் கடைக்கு அனுப்பினாள்.

எனக்குத் தோன்றியது சாதாரணமான விஷயம். வீட்டில் இருக்கிற எந்திரம் எல்லாம் இன்று குளித்துப் பொட்டு வைத்துக்கொள்கிறது. இஞ்சினும் எந்திரம். அதன் பித்தளைக் குமிழ் விளக்கைப்போலவே கறுத்துப் போயிருந்தது. சாயங்காலம் பாய் வருகிறார். கல்யாணத்துக்கு நிற்கிற மாப்பிள்ளை முகம் கழுவாமல் இருக்கலாமா?

அலமாரியிலிருந்து எடுத்துவந்து, அத்தையின் புளியையும் செங்கல் பொடியையும் தொட்டு, முதலில் குமிழை மட்டும்தான் தேய்த்தேன். பொன்னாக வந்தது. ஆனால் குமிழைச் சுற்றிப் பச்சையில் ஒரு வளையம் வெளுத்துவிட்டது. அதைச் சமப்படுத்த இன்னும் கொஞ்சம் தேய்த்தேன். வெளுத்த இடம் பெரிதானது. அதைச் சமப்படுத்த இன்னும் கொஞ்சம். சின்னப் பிழையை மறைக்கப் பத்தி முழுவதையும் கெடுத்த நிருபர்களைப் பிற்காலத்தில் நிறையப் பார்த்தேன். யாரையும் நான் பெரிதாகத் திட்டியதில்லை. உள்ளே பித்தளை இருக்கும் என்று நம்பினேன். இருந்தது வெள்ளைத் தகரம். பொன்னிறக் கோடு எந்த நிமிஷத்தில் போனது என்று எனக்குத் தெரியாது. முடிந்தபோது இஞ்சின் முழுதும் ஒரே நிறத்தில் பளபளவென்று இருந்தது. உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அது அழகாகத்தான் தெரிந்தது. அலசி, செம்புகளுக்கு நடுவில் வெயிலில் கவிழ்த்து வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன்.

புதுப்பாவாடை கட்டிக்கொண்டு வந்தபோது அப்பா கல்லருகே நின்றுகொண்டிருந்தார். கையில் இஞ்சின். அதைத் தூக்கிப் பிடித்திருந்த விதத்தைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. அடிபட்ட குருவியை அப்படித்தான் பிடிப்பார்கள். “அக்கா” என்று கூப்பிட்டார். சத்தம் போடவில்லை.

அத்தை தோளில் வாழையிலைக் கட்டோடு உள்ளே வந்தாள். இஞ்சினைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். என் முகத்தை அல்ல, விரல்களை. நகக்கண்ணில் செங்கல் பொடி சிவப்பாக அப்பியிருந்தது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

“நாந்தான் தம்பி,” என்றாள். “நல்ல நாளும் அதுவுமா மங்கிக் கெடக்குதேன்னு...”

“இதையா? எத்தன தடவ உன் கையில குடுத்திருக்கேன். உனக்குத் தெரியாதாக்கா?”

“தெரியாமப் போச்சு.”

அப்பா மேலே ஒன்றும் கேட்கவில்லை. அவர் என்னை ஒருநாளும் அடித்ததில்லை. எனக்கு அடி பயம் இல்லை. அந்த இஞ்சினைப் பார்த்தமாதிரி என்னையும் பார்ப்பார் என்பதுதான் பயம். நான் பேசவில்லை. பூஜை நடந்தது. ஆறு தறிக்கும் பொட்டு வைத்தார்கள். பூசணிக்காய் உடைத்தார்கள். பொரியும் கடலையும் கொடுத்தார்கள். நானும் தின்றேன்.

நான்கு மணிக்குப் பாய் வந்தார். கரிப்பெட்டியைச் சரிகைத் துண்டில் சுற்றிக் குழந்தைபோல் அணைத்துக்கொண்டு வந்தார். தண்டவாளப் பெட்டி ரிக்‌ஷாவில்.

“பங்காளி, பொண்ணு வந்தாச்சு! மாப்பிள்ளை எங்க, இன்னும் பவுடர் போட்டு முடியலையா?”

அப்பா இஞ்சினை எடுத்து அவர் முன்னால் வைத்தார். பாய் கொஞ்ச நேரம் பார்த்தார். குனிந்து சாவியைத் திருகினார். பல்சக்கரம் கிறுகிறுவென்றது.

“உள்ள ஒண்ணும் ஆகலீங்களே. ஓட்டம் போனாத்தான் போச்சு. தோல் போனா என்ன?”

அவரே தரையில் உட்கார்ந்து தண்டவாளத்தைக் கோர்த்தார். கரிப்பெட்டியை மாட்டினார். கழுவின தரையில் அது ஓடியது. வெள்ளைத் தகரமாக இஞ்சின், அதன் பின்னால் பொன்னிறக் கோடு மாறாத இலைப்பச்சைப் பெட்டி. தறிகள் நின்றிருந்ததால் அதன் சத்தம் மட்டும்தான் பட்டறையில். ஒன்பது சுற்று. நான் எண்ணினேன். அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். நின்றதும் பாய் எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டார். கரிப்பெட்டியைக் கழற்றவில்லை.

“இங்கயே இருக்கட்டும் பங்காளி. சேர்ந்தது சேர்ந்ததாவே இருக்கட்டும்.”

போய்விட்டார். ஒரு வருடம் விட்டுக்கொடுக்காததை அன்று விட்டுக்கொடுத்தார். துக்க வீட்டில் கையைப் பிடித்துக்கொள்வது போன்ற காரியம் அது. இன்று எனக்கு அது தெரிகிறது. அப்பா அதை வேறுமாதிரி எடுத்துக்கொண்டார். “அவன் பெட்டியப் பக்கத்துல வெச்சா என்னுது தகரம்னு ஊருக்கே தெரியும்ல? அதுக்குத்தான் விட்டுட்டுப் போறான்” என்று அம்மாவிடம் சொன்னார். மறுநாளே கரிப்பெட்டியைத் துண்டோடு கடைக்குத் திருப்பி அனுப்பினார். பாய் அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமை வரவில்லை. நூல் வேறு கடையிலிருந்து வந்தது. பங்காளி என்று அப்பாவைக் கூப்பிட ஆளில்லாமல் போனது.

ஆயுத பூஜை அன்று விளக்கு வைத்த பிறகு அப்பா அத்தையிடம் சொன்னார். அம்மாவும் நானும் இருந்தோம்.

“நீ கொஞ்ச நாளைக்கு எடப்பாடில இரு அக்கா.”

அத்தை அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஏதோ ஒன்றுக்காகக் காத்திருப்பதுபோல் இருந்தது. பிறகு, “செரி,” என்றாள்.

அம்மா மட்டும் குறுக்கே பேசினாள். “போறதுன்னா நாளைக்கே போகட்டும். விஜயதசமி, நல்ல நாளு.” அன்று அதைக் கேட்டு அம்மாவை நான் வெறுத்தேன். எது தொடங்கினாலும் பெருகும் என்று பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கிற நாளில் ஒருத்தியை வெளியே அனுப்புகிறாளே என்று. இப்போது நினைத்தால், அப்பாவின் மனம் மாற ஒரு ராத்திரியாவது கிடைக்கட்டும் என்று சொல்லியிருப்பாள் என்று படுகிறது. அம்மாவிடம் கேட்காமலே விட்டுவிட்டேன்.

விடிந்தும் யாருடைய மனமும் மாறவில்லை. என் வாயும் திறக்கவில்லை. பஸ் பதினோரு மணிக்கு. அதற்குள் மூன்று முறை பட்டறை வாசல்வரை போனேன். உள்ளே அப்பா தறிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். மூன்று முறையும் திரும்பி வந்தேன். அத்தை ஒரு துணிப்பையோடு வாசலில் இறங்கினாள். அம்மாவிடம் சொல்லிக்கொண்டாள். என் பக்கத்தில் வந்து கையைப் பிடித்து விரித்துப் பார்த்தாள்.

“நெகத்த வெட்டோணும் சாமி,” என்றாள். அவ்வளவுதான்.

கொஞ்ச நாள் என்பது அப்படியே நீண்டது. கல்யாணம், காரியம் என்றால் அத்தை வருவாள். பந்தியில் உட்காருவாள், மொய் எழுதுவாள், கடைசி பஸ்ஸுக்கு முன்னால் கிளம்பிவிடுவாள். அப்பா, “வாக்கா” என்பார். “வந்தேன் தம்பி” என்பாள். அதற்குமேல் இரண்டு பேரும் பேசி நான் பார்த்ததில்லை. ரயில்களை அப்பா அலமாரியிலிருந்து எடுக்கவே இல்லை. தறிகளை விற்றபோது அவற்றையும் யாருக்கோ கொடுத்துவிட்டார், பச்சை இஞ்சினைத் தவிர. மறுபடி பெயின்ட் அடித்துவிடலாம் என்று தெரிந்தவர்கள் சொன்னார்கள். அவர் கேட்கவில்லை.

நான் நாளிதழில் சேர்ந்து மூன்றாம் வருடம், ஒரு வேலையாக எடப்பாடி போனபோது அத்தையைத் தேடிப் போனேன். கொழுந்தனார் வீட்டுப் பின்கட்டில் மோட்டார் வைத்த தார் மிஷினில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து, அப்பாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடப் போகிறேன் என்றேன்.

மிஷினை நிறுத்தினாள். “சொல்லாத சாமி.”

“ஏன் அத்தை? தப்பு என்னுதுதானே?”

“நீ சொன்னீன்னா நாளைக்கே வந்து கூப்புடுவான். கூப்புட்டா நானும் போயிருவேன். அப்புறம் என்ன இருக்குது அதுல? குத்தம் பண்ணலீன்னு தெரிஞ்சு கூப்புடறதுக்குக் கூடப்பொறந்தவன் எதுக்கு? அது யாருஞ் செய்வாங்க.” நூலைத் திரும்ப மாட்டினாள். “அவனா கூப்புடட்டும். டீ வெக்கறேன், குடிச்சுட்டுப் போ.”

அவள் கேட்டதால் இரண்டாவது முறையும் வாயை மூடிக்கொண்டேன். முதல் முறை கூசியதைவிட இது எளிதாக இருந்தது. அதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

அம்மா போய் இரண்டு வருடம் கழித்து அப்பா படுக்கையில் விழுந்தார். நான் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்திருந்தேன். ஒருநாள் காலையில் அத்தைக்குக் கடிதம் எழுதச் சொன்னார். வீட்டில் போன் இருந்தது. அவருக்குக் கடிதம்தான் வேண்டும். நிறுத்தி நிறுத்திச் சொன்னார். அக்காவுக்கு, எனக்கு உடம்பு சரியில்லை. நீ வந்து நம் வீட்டில் இரு. போகிற யோசனையோடு வராதே. அந்த இஞ்சின் விஷயத்தில் நீ செய்ததை நான் எப்போதோ மன்னித்துவிட்டேன்.

நான்கு வாக்கியம். உள் அறைக்குப் போய் நல்ல தாளில் படியெடுத்தேன். மூன்றை எழுதினேன். நான்காவதை விட்டுவிட்டேன். வெட்டுவதற்கு நான் எப்போதும் யோசிப்பவள் இல்லை, அன்றும் யோசிக்கவில்லை. அப்பா படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார்.

ஐந்தாம் நாள் அத்தை வந்தாள். எண்பதை நெருங்கிக்கொண்டிருந்தாள். பஸ்ஸில் கொழுந்தனாரின் பேரன் கூட வந்து விட்டுவிட்டுப் போனான். உள்ளே போகுமுன் கடிதத்தைப் பையிலிருந்து எடுத்து என்னிடம் காட்டினாள்.

“இது அவஞ் சொன்னதா, நீ எழுதுனதா?”

“அப்பா சொன்னதுதான் அத்தை. ஒரு வார்த்தைகூட நான் சேர்க்கலை.”

சேர்க்கவில்லை என்பது உண்மை. அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கடிதத்தை மடித்து வைத்துக்கொண்டாள்.

இரண்டு நாள் நன்றாகப் போனது. அப்பாவுக்குத் தலைவாரிவிட்டாள், மருந்து கொடுத்தாள். எடப்பாடிச் சங்கதிகளைச் சொல்லிக்கொண்டே இருந்தாள்; அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். நான் அறையை விட்டு அதிகம் நகரவில்லை. வெட்டிய வாக்கியம் அவர் வாயில் இன்னும் இருக்கிறது என்பது எனக்குத் தெரியும்.

மூன்றாம் நாள் மதியம் கஞ்சி புகட்டிக்கொண்டிருந்தாள். பாதிக் கிண்ணம் ஆகியிருக்கும்.

“அக்கா,” என்றார் அப்பா. “அந்த இஞ்சின் விஷயம். நான் அத மனசுல வெச்சுக்கல. அப்பவே மன்னிச்சுட்டேன்.”

கரண்டி பாதி வழியில் நின்றது. அத்தை என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

“அப்பா,” என்றேன். “அதத் தேச்சது நான். அத்தை இல்ல.”

என் குரல் எனக்கே செய்தி வாசிப்பதுபோல் இருந்தது. அப்பா என்னைப் பார்த்தார். நான் பயந்த பார்வை அதில் இல்லை. ஏறக்குறைய நாற்பது வருடம் அந்தப் பார்வைக்குப் பயந்துதான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அவர் பார்வை என்மேல் நிற்கவே இல்லை, அத்தையிடம் போய்விட்டது.

“அப்ப நீ ஏன் ஒத்துக்கிட்ட?”

அத்தை கரண்டியைக் கிண்ணத்தில் வைத்தாள். “மூணு வருஷமா இருன்னும் சொல்லல, போன்னும் சொல்லல. நாந்தான்னு சொல்லிப் பாப்பமேன்னு தோணுச்சு. ஒரு தகரத்துக்காவ நீ என்னைய அனுப்ப மாட்டீன்னு நெனச்சேன் தம்பி.”

அப்பாவின் கை போர்வையின்மேல் கொஞ்ச நேரம் எதையோ தேடியது. பிறகு பேசினார். காது கொடுத்தால்தான் கேட்கும்.

“நானும் அப்படித்தான்க்கா. போன்னு சொன்னா, மாட்டேன்டா, இது எங்கப்பன் ஊடுன்னு நீ சண்டைக்கு வருவீன்னு நெனச்சேன். செரின்னுட்டியே.”

கிண்ணத்தில் கஞ்சி ஏடு படிந்துகொண்டிருந்தது. நான் அதை எடுத்துக்கொண்டு சூடு பண்ணப் போனேன்.